துருவை என்ன செய்வது?



போன செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்குப் போன இரண்டாம் நாள். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பழைய துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். தாத்தாவின் பாராங் கத்தி.

"தம்பி ஸ்கூல் பையில இருந்துச்சு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அழுதார்.

தம்பிக்கு 17 வயது. இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறான். சமய வகுப்பில் தேவாரம் பாடிப் பரிசு வாங்கியவன். அடிதடிக்குப் போகிற பையன் இல்லை. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேரைப் போடாத, மத்ததை எழுது" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அப்பா லோரி ஓட்டுகிறார். ஒரு குத்தகையாளரிடம் வேலை. இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. கேட்கப் போன அன்று தம்பிதான் மோட்டாரில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்த ஆள், அப்பாவின் வயதில் பாதிகூட இருக்காது, நாலு பேர் முன்னால் அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசி, தோளைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். அப்பா கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "வீட்டுக்குப் போலாம்யா" என்றாராம். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்று நாள் கழித்து, பள்ளி முடிந்ததும், தம்பி அந்தக் கத்தியோடு அதே இடத்துக்குப் போயிருக்கிறான்.

"அப்புறம் ஏன்டா திரும்பி வந்த?" என்று கேட்டேன்.

"கேட் பூட்டியிருந்துச்சு அண்ணே."

திறந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒரு பூட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் குடும்பம் இன்றைக்கும் குடும்பமாக இருக்கிறது. அந்தப் பக்கம் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. யாரையும் தொடாமலே கூட, காரணமில்லாமல் இப்படி ஒரு கத்தியைப் பொது இடத்தில் கொண்டுபோவதே நம் நாட்டில் குற்றம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிறைதான். 17 வயதில் அந்தப் பெயர் வந்தால் வாழ்க்கை முழுக்க வரும்.

கோபம் தப்பா?

அம்மாவின் முடிவு தெளிவாக இருந்தது. "இதை ஆத்துல போட்டுட்டு வா. வீட்டுல இருக்கவே வேணாம்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

நான் அண்ணன் இல்லையா, அறிவுரை சொன்னேன். கோபத்தை அடக்கு, அப்பாவைப் பார், அம்மாவை நினை, சமய வகுப்பில் என்ன படித்தாய், இப்படியெல்லாம். எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு அவன் ஒன்றே ஒன்று சொன்னான்.

"அண்ணே, உனக்கு ஏன் கோபம் வரல?"

என்னிடம் பதில் இல்லை. நான் நல்லவன் என்பதாலா? பொறுமைசாலி என்பதாலா? உண்மையைச் சொல்லணும்னா, நான் தூரத்தில் இருந்தேன். அந்த இரண்டு மாதமும் எனக்கு மாதச் செலவுக்கு 200 ரிங்கிட் சரியாக வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் வளையல் ஒன்று கையில் இல்லை என்பதைக்கூட வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். காற்றும் ஈரமும் படாத இரும்பு துருப்பிடிக்காது. அதில் அந்த இரும்பின் பெருமை என்ன இருக்கிறது? அலமாரிக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபம் தப்பா என்ற கேள்வி, பள்ளிக்கூடப் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கும். வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பாரதியோ புதிய ஆத்திசூடியில் சினத்தைப் பழகிக்கொள்ளச் சொல்கிறார். இரண்டு பேரும் நம் பெரியவர்கள். மேடையில் ஒரு பக்கம் வள்ளுவர், ஒரு பக்கம் பாரதி என்று பிரித்துக்கொண்டு பேசிக் கைதட்டல் வாங்கிவிடலாம். நானே ஐந்தாம் படிவத்தில் வாங்கியிருக்கிறேன். ஆனால் கத்தி உங்கள் வீட்டு மேசையில் கிடக்கும்போது எந்தப் பக்கம் உட்காருவீர்கள்?

தம்பியின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதைப் பார்த்துக் கோபம் வராத பிள்ளையைப் பிள்ளை என்று சொல்ல முடியுமா? அதே சமயம் அந்தக் கோபம் அவனை எங்கே கொண்டுபோனது? பூட்டிய கேட்டு வரைக்கும். அதற்கு மேல் போகாததற்கு அவன் காரணமில்லை, பூட்டு காரணம்.

ஆகவே கோபத்தை அடியோடு எடுத்துவிடு என்றால், அந்த நியாயமும் சேர்ந்து போகிறது. அப்படியே விட்டுவிடு என்றால், அது ஆளையே தின்றுவிடும். வேறு வழி இருக்கிறதா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். அந்த வழி எனக்குக் கிடைத்தது ஒரு புத்தகத்திலிருந்து இல்லை, அந்தக் கத்தியிலிருந்தே.

இரும்பு சொன்னது

மறுநாள் காலை கத்தியை வெளிச்சத்தில் பார்த்தேன். தாத்தா ரப்பர் தோட்டத்தில் புல்லும் புதரும் வெட்டிய கத்தி. அவர் இறந்து ஆறு ஆண்டாகப் பின்கொட்டகையில் கிடந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் ஆறு ஆண்டு சும்மா இருக்குமா? அலகு முழுக்கச் செந்துரு. விரலால் தேய்த்தால் பொடி பொடியாக வந்தது. பிடிக்குப் பக்கத்தில் மட்டும், துருவுக்கு அடியில், ஏதோ கோடுகள்.

எனக்கு இரண்டாம் ஆண்டில் படித்த உலோகவியல் பாடம் நினைவுக்கு வந்தது. துப்பாக்கிக் குழாய்களுக்கு ஏன் அந்தக் கருநீல நிறம் என்று விரிவுரையாளர் விளக்கியிருந்தார். நம் நாட்டில் துப்பாக்கியை நம்மில் யாரும் பக்கத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டோம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது. ஆனால் சில நாடுகளில் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் தாத்தா, அப்பா, மகன் என்று கைமாறி வரும். அவை துருப்பிடித்தால் வீட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்து சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் புளூயிங், அதாவது நீலம் ஏற்றுவது.

அதில் பல முறைகள். கடையில் ஒரு சின்னப் பாட்டில் கிடைக்கும். செலினியம் சேர்ந்த திரவம். துணியில் தொட்டுத் தடவினால் சில நிமிடத்தில் இரும்பு கறுத்துவிடும். வேலை சுலபம். ஆனால் அது விஷம். படலமும் மெல்லியது, கை பட்டுப் பட்டுச் சீக்கிரம் தேய்ந்துபோகும். இன்னொன்று, காஸ்டிக் சோடா சேர்ந்த உப்புக் கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அதில் முக்குவது. தொழிற்சாலைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். தெறித்தால் தோல் போய்விடும். வீட்டில் நினைத்தே பார்க்கக் கூடாது. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு அந்த முறை உதவவும் உதவாது. குழாய்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்றை அந்தக் கரைசல் தின்றுவிடும்.

மூன்றாவது முறைதான் மிகப் பழையது. மெதுவானது. அதைக் கேட்டபோது வகுப்பில் எனக்கு விசித்திரமாக இருந்தது. இரும்பைச் சுத்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே மறுபடியும் துருப்பிடிக்க வைக்கிறார்கள்! மெல்லிய செந்துரு பூத்ததும் அதைச் சுரண்டி எறிவதில்லை. கொதிக்கும் தண்ணீரில் போடுகிறார்கள். இருபது முப்பது நிமிடத்தில் சிவப்பு கறுப்பாக மாறிவிடும். ஒட்டாமல் நிற்கும் பொடியை மட்டும் மெல்லிய ஸ்டீல் வூலால் துடைத்துவிட்டு, மறுபடியும் துரு, மறுபடியும் கொதி, மறுபடியும் துடை. ஏழெட்டுச் சுற்று போனால் உறுதியான கருநீலப் படலம். கடைசியில் எண்ணெய்.

இதன் வேதியியல் இதுதான். செந்துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்தது. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பொக்கு பொக்காக எழும்பி உதிரும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் இரும்பையும் தின்றுகொண்டே போகும். கறுப்பும் இரும்பும் ஆக்சிஜனும்தான். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு, மேக்னடைட் என்று பெயர். ஆனால் அது இரும்போடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பைக் காக்கும்.

தின்பதும் துருதான், காப்பதும் துருதான். இடையில் ஒரு கொதி, கொஞ்சம் பொறுமை.

அம்மாவிடம் போய், "இதை ஆத்துல போட வேணாம்மா. எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்றேன். தம்பியையும் கூப்பிட்டேன். கத்தியை அவன் கையில் கொடுப்பதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. வேலை நடக்கும்போது அப்பா கூடவே உட்காருவார், முடிந்ததும் கத்தி அப்பாவின் அலமாரியில் பூட்டப்படும் என்று பேசி முடிவானது.

எட்டு இரவு

முதல் இரவு பழைய துருவை எடுப்பது. அலகை வினிகரில் ஊறவைத்து, காலையில் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவினோம். செந்துரு சகதி மாதிரி வழிந்தது. அடியில் இரும்பு சாம்பல் நிறத்தில், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது.

தம்பி சாண்ட் பேப்பரை எடுத்துக் குழிகள் மறையும்வரை தேய்க்க ஆரம்பித்தான். நான் நிறுத்தினேன். குழி என்பது இரும்பு போன இடம். போன இரும்பு வராது. குழி மறைய வேண்டுமென்றால் சுற்றியுள்ள நல்ல இரும்பையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்து எறிய வேண்டும். பழைய துப்பாக்கியைச் சரிசெய்கிறவர்கள் செய்யும் பெரிய தவறே இதுதானாம். பளபளக்க வேண்டும் என்ற ஆசையில் தேய்த்துத் தேய்த்து, செய்தவன் பொறித்த எழுத்தையும் விளிம்பின் கூர்மையையும் அழித்துவிடுவார்கள். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பொருள் போய்விடும்.

அப்போதுதான் பிடிக்குப் பக்கத்திலிருந்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஓர் எண். 17.

"அது நம்ம லயத்து வீட்டு நம்பர்," என்றார் அப்பா. அந்த வாரம் அவர் முதல்முறையாக வாயைத் திறந்தது அப்போதுதான். "எல்லார் கத்தியும் ஒரே மாதிரி இருக்கும். மாறிடக் கூடாதுன்னு உங்க தாத்தா ஆணியால அடிச்சது."

தம்பி சாண்ட் பேப்பரைக் கீழே வைத்துவிட்டான்.

இரண்டாம் இரவிலிருந்து துரு ஏற்றும் வேலை. மருந்துக் கடையில் காயம் கழுவ விற்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, அதில் ஒரு சிட்டிகை உப்பு. கையுறை போட்டுக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்த அலகில் மெல்லியதாகத் தடவினோம். நம் ஊர் காற்றுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை, கொஞ்ச நேரத்தில் சிவப்பு பூத்துவிட்டது. பின்வாசலில் கேஸ் அடுப்பு, அதன் மேல் 17 கிலோ சமையல் எண்ணெய் டின், அது நிறையக் கொதிநீர். பிடி மேலே நிற்க, அலகு மட்டும் உள்ளே. தம்பி கைபேசியில் நேரம் பார்த்தான். வெளியே எடுத்தபோது, "அண்ணே!" என்று கத்தினான். கறுப்பு.

துடைத்தோம். பாதிக்குமேல் துணியில் வந்துவிட்டது. அவன் முகம் விழுந்தது.

"இவ்வளவு நேரம் போட்டும் இவ்வளவுதானா?"

"இன்னும் ஆறு தடவை இருக்குடா."

ஒவ்வோர் இரவும் ஒரு சுற்று. டின் கொதிக்கும்வரை செய்ய ஒன்றும் இருக்காது. மூன்று பேரும் முக்காலியில் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில்தான் பேச்சு வந்தது. அப்பா தாத்தாவைப் பற்றிச் சொன்னார், தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். நான்காம் இரவு, யாரும் கேட்காமலே, அந்த நாளைப் பற்றியும் சொன்னார்.

"நான் திருப்பி அடிச்சிருக்கலாம். கை வந்துச்சு. நீ வெளிய நின்னுக்கிட்டு இருந்த. அதான் அடிக்கல."

தம்பி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கும் கோபம் வந்தது என்பது அவனுக்கு அன்றுதான் தெரியும். எனக்கும்தான். அப்பாவை நாங்கள் பயந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தோம்.

இரும்புக்கு வலிக்காது

நான் அந்த வாரம் முழுக்க இரும்பையும் மனசையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. ஐந்தாம் இரவு தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இரும்புக்கு வலிக்காது. நீ போடுற தண்ணில அது பேசாம கிடக்கும். மனுசன் அப்படியா? கோபத்தைக் கொதிக்க வச்சா கறுப்பா மாறும்னு சொல்ற. எந்தத் தண்ணில கொதிக்க வைக்கிறது? அதைச் சொல்லு."

நல்ல கேள்வி. உவமை எவ்வளவு அழகாக இருந்தாலும், செய்ய ஒன்றும் இல்லையென்றால் அது அந்தச் சின்னப் பாட்டில் மாதிரிதான். தடவினால் உடனே கறுக்கும். நாலு நாளில் தேய்ந்துபோகும். ஒரு முகாமுக்குப் போய்க் கண்ணீர் விட்டு, "இனிமே கோபப்பட மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே பழையபடி ஆகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

நான் இப்படிப் பதில் சொன்னேன். கோபத்துக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, "இது அநியாயம்" என்ற அறிவு. இன்னொன்று, "அவனுக்கு வலிக்க வேண்டும்" என்ற ஆசை. முதலாவது இரும்போடு ஒட்டுவது. இரண்டாவது உதிருகிற பொடி. இரண்டும் ஒரே நிறத்தில் வருவதால் நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. அம்மாவைப் போலப் பயந்தவர்கள் இரண்டையும் ஆற்றில் போடச் சொல்கிறார்கள். பையில் கத்தி வைத்துக்கொள்கிறவன் இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிறான். பிரிக்க வேண்டுமென்றால் நேரம் வேண்டும், சூடு வேண்டும், துடைக்க ஆள் வேண்டும்.

"தண்ணி எதுன்னு கேட்டல்ல? வேலைதான்டா தண்ணி. அநியாயம்னு தெரிஞ்சதை எடுத்துக்கிட்டு உக்காந்து செய்யுற வேலை."

மறுநாள் காலை நானும் அவனும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் தேடிப் படித்தோம். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். இலாகாவே விசாரித்து உத்தரவு போட முடியும். இது எனக்கும் அதுவரை தெரியாது. பொறியியல் படிக்கிறேன், அப்பாவின் உரிமை என்னவென்று தெரியாது!

அப்பா முதலில் வேண்டாம் என்றார். "வம்பு எதுக்கு?" தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் போனது வம்புப்பா. இது வம்பு இல்ல" என்றான். அப்பா அவனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பழைய சம்பளச் சீட்டுகள், கைப்பட எழுதிய பயணக் கணக்கு, எல்லாம் தேதி வாரியாக இருந்தன. அந்த ஆள் "வேலை தெரியாதவன்" என்று திட்டிய மனிதர், ஒரு பயணம் விடாமல் எழுதி வைத்திருந்தார்.

புகார்க் கடிதத்தை மலாயில் எழுதியது தம்பி. முதல் வரைவில் திட்டு நிறைய இருந்தது. "இதெல்லாம் பொடி, துடை" என்றேன். இரண்டாவதில் கொஞ்சம் குறைந்தது. நான்காவது வரைவில் தேதிகளும் தொகைகளும் மட்டும் நின்றன. அதைப் படித்துப் பார்த்தபோது, முதல் வரைவைவிட அதுதான் பயமுறுத்தியது. கத்தி எடுத்துப் போனவன் எழுதியது போலவே இல்லை. ஆனால் அதே கோபம்தான்.

அந்த ஆறாம் இரவு கத்தியில் முதல்முறையாக நீலம் தெரிந்தது.

சூரபத்மன் எங்கே போனான்?

வேலை செய்துகொண்டே யோசித்தபோது, இது நமக்குப் புதிதில்லையே என்று தோன்றியது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நாம் வேலைத்தானே கும்பிடுகிறோம்? கந்தபுராணத்தில் சூரபத்மன் மாமரமாக நிற்கிறான். வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஒரு பாதி மயிலாகிறது, ஒரு பாதி சேவலாகிறது. எதிர்த்து வந்தவனையே முருகன் வாகனமாகவும் கொடியாகவும் வைத்துக்கொள்கிறார். சின்ன வயதில் இதைக் கேட்டபோது, வில்லனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று நினைத்திருக்கிறேன். இப்போது புரிகிறது. அந்த வலிமையை அழித்திருந்தால் முருகனுக்கு மயில் ஏது?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மயில் சும்மா விட்டுவைக்கப்படவில்லை. மேலே முருகன் உட்கார்ந்திருக்கிறார். மாறிய பிறகும் அதை ஓட்ட ஆள் வேண்டும். நீலம் ஏற்றிய இரும்பும் அப்படித்தான். படலம் மெல்லியது. எண்ணெய் போடாமல் விட்டால் நம் ஊர் மழைக்காலம் ஒன்றே போதும், செந்துரு மறுபடி எட்டிப் பார்க்கும். ஒரு முறை மாற்றினேன், இனி கவலையில்லை என்று சொல்ல இதில் இடமே இல்லை.

டில்லியில் குதுப் மினார் வளாகத்தில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறது. குப்தர் காலத்தது. ஏறக்குறைய 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. துருப்பிடிக்காத தூண் என்று சொல்வார்கள். உண்மையில் அதற்கும் துரு வந்தது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால், வந்த துரு மெல்லிய கவசமாக மேலே படிந்து உள்ளிருப்பதைக் காத்துக்கொண்டது. துருவே வராத இரும்பாக இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். நின்ற இரும்போ, வந்த துருவை என்ன செய்வது என்று அறிந்த இரும்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு, அநியாயம் நடந்தால் பொறுமையாக மனு எழுதிக்கொண்டிரு என்கிறானே என்று சிலர் நினைக்கலாம். மனு எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. கதவைத் தட்டித் தட்டித் திறக்காத வீடுகளை நம் சமூகம் நிறையப் பார்த்திருக்கிறது. நான் சொல்வது சின்ன விஷயம். செந்துருவாக இருக்கும்போது கோபம் முதலில் தின்பது நம்மைத்தான். எதிரில் இருக்கிறவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. அன்று கேட் திறந்திருந்தால் அப்பாவின் சம்பளம் வந்திருக்குமா? அப்பாவின் மரியாதை திரும்பியிருக்குமா? "பார்த்தீங்களா, இவனுங்க இப்படித்தான்" என்று அந்த ஆளுக்கே சொல்ல வசதியாகப் போயிருக்கும். செய்தியில் பாராங் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகளின் பெயர் வரும்போதெல்லாம், அந்தப் பிள்ளைக்கு முதலில் நடந்த அநியாயத்தை யாரும் எழுதுவதில்லை. கத்தியை மட்டும்தான் எழுதுகிறார்கள்.

வள்ளுவரா, பாரதியா? இரண்டு பேரும் ஒரே இரும்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஒருவர் உதிருகிற பொடியைத் துடைக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஒட்டி நிற்பதை விட்டுவிடாதே என்கிறார்.

கடைசியாக

எட்டாம் இரவு கத்தியைச் சமையல் சோடாத் தண்ணீரில் ஒருமுறை கழுவி, சூட்டிலேயே உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் பூசினோம். அம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து நீட்டினார். அது நாளானால் சிக்குப் பிடிக்கும் என்றேன். "அப்ப பிடிக்காவது போடு" என்று மரப்பிடியில் அவரே தடவினார். ஒரு வாரமாக அந்தக் கத்தியைத் தொடாதவர்.

புதுசு மாதிரி இல்லை. குழிகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் குழிக்குள்ளும் கறுப்பு ஏறியிருக்கிறது. 17 என்ற எண் நன்றாகத் தெரிகிறது.

புகார் பதிவாகிவிட்டது. விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும்வரை ஒரு மாதச் சம்பளம் வந்திருக்கிறது, இன்னொன்று வரவில்லை. முழுவதும் வருமா என்று எனக்குத் தெரியாது. தள்ளிய ஆள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்றும் நான் நினைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கோபத்தை மாற்றினால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க முடியாது. தம்பிக்கு இன்னும் சில நாள் முகம் சிவக்கிறது. அப்போதெல்லாம் அப்பா, "டின்னை அடுப்புல வைக்கவாய்யா?" என்று கேட்பார். அவன் சிரித்துவிடுவான்.

நானும் ஒன்று மாற்றிக்கொண்டேன். இப்போது வாரம் ஒருமுறை போன் செய்யும்போது, "சாப்டீங்களா" என்பதோடு நிறுத்துவதில்லை. "சம்பளம் வந்துச்சாப்பா?" என்றும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே. நம்மைப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டில் எது துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமலே நாம் பட்டம் வாங்கிவிடக் கூடாது.

இந்த ஆண்டு ஆயுத பூசைக்கு அந்தக் கத்தி சாமி மேடைக்குப் போகும். என் மடிக்கணினி, தம்பியின் கணக்குப் புத்தகம், அப்பாவின் லோரிச் சாவி, அவற்றோடு தாத்தாவின் கத்தி.

எண்ணெய் பூசி முடித்த அன்று தம்பி அலகின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். மொட்டையாகத்தான் இருந்தது.

"கூர் தீட்டலாமாப்பா?" என்று கேட்டான்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா கத்தியை வாங்கித் துணியில் சுற்றினார். "புல்லு வெட்டுற அன்னைக்குத் தீட்டிக்கலாம்யா," என்றார்.